வேடிக்கை பார்த்தவர்கள்

"கையும் காலும் நல்லாத்தானே இருக்கு? ஒருத்தராவது எழுந்து வந்து ஒரு பிரஷ்ஷைப் பிடிக்கிறாங்களா பாருங்க!"

ஏணியில் நின்றபடியே பொருமினாள் டீச்சர். மூக்கு நுனியில் மஞ்சள் பெயிண்ட்.

கோபம் வராமல் என்ன செய்யும்? சபையிலிருந்து பன்னிரண்டு பேர், பதினாறு மணி நேரம் ரயிலில் இடிபட்டு, இந்தப் பெரிய நகரத்துக்கு ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள். வீடு வாசல் இல்லாதவர்கள் தங்கும் விடுதி. அதன் நீளக் கூடத்துக்கு மூன்று நாளில் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. விடுதியில் இருக்கும் இருபது பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முற்றத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க டீச்சர். நன்றியை எதிர்பார்த்தா வந்தோம்?" என்றார் குழுத் தலைவர்.

ஊரில் குழாய், பாத்ரூம் சாமான் கடை வைத்திருப்பவர். முதுகில் 'சேவிக்க வந்தோம்' என்று அச்சடித்த பனியனைப் பன்னிரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

முற்றத்தில் ஓர் அம்மாள் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். டீச்சர் இறங்கிப் போய்க் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, நீங்க படுக்கிற இடம்தானே? கை எட்டுற வரைக்குமாவது நீங்க அடிக்கலாம்ல?"

"அடிப்பேன் தங்கச்சி. இந்த வாசனைதான் நெஞ்சை அடைக்குது. நீங்க அடிங்க. கலர் நல்லா இருக்கு."

"எங்களுக்கு மட்டும் பன்னீர் வாசனையா வருது?"

அந்த அம்மாளைப் பதில் சொல்லவிடவில்லை இருமல்.

மத்தியானம் விடுதி மேலாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஐயா, பாத்ரூம் ரெண்டுலயும் அடைப்பு. தண்ணி இறங்கவே மாட்டேங்குது. உங்க சபைக்குப் போட்ட லெட்டர்லகூட எழுதியிருந்தேன். நீங்க அந்தத் தொழில்லதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க..."

தலைவர் சிரித்தார்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை சார் அது. நாங்க ஊழியத்துக்கு வந்திருக்கோம்."

"சரிங்கய்யா" என்று மேலாளர் போய்விட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? விட்டா கக்கூஸையும் நம்மளையே கழுவச் சொல்லுவாங்க. சாக்கடையில கையை விட்டுட்டு நிக்கிற போட்டோவைச் சபையில காட்ட முடியுமா?"

டீச்சருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

"மூணு வேளையும் சாப்பாடு வந்துடுது. தலைக்கு மேல கூரை இருக்கு. சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கவும் நாமதான் வரணும். சோம்பேறி ஜனங்கங்க!"

"நம்ம வீட்டு அடுப்படிச் சுவர் ஆறு வருஷமா கருப்பா கிடக்கே..."

"அது வேற, இது வேற. உங்களுக்கு ஊழியம்னா என்னன்னே தெரியாது" என்று போனை வைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூடம் மஞ்சளாகப் பளபளத்தது. தலைவர் எல்லோரையும் சுவருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். இருமல்கார அம்மாளைத் தேடிப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து வந்து, கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"நீங்களே அடிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே நில்லுங்கம்மா!"

சிரிக்கப் போகும்போதெல்லாம் இருமல் வந்தது. நான்கு முறை எடுத்தும் படம் கலங்கியது.

"மன்னிச்சுக்குங்கய்யா, கெடுத்துட்டேன்" என்றாள்.

ஐந்தாவது தடவை, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். படம் பிரமாதமாக வந்தது.

பிறகு ஜெபம். "இந்த எளிய ஜனங்களுக்கு ஊழியம் செய்ய எங்களைத் தெரிந்தெடுத்தீரே, ஸ்தோத்திரம்! இவர்களுடைய சோம்பலையும் நீரே மாற்றிப்போடும்!" என்று தலைவர் உருகினார். டீச்சர் உரக்க ஆமென் சொன்னாள்.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், மூக்குக் கண்ணாடியை மேலாளர் அறையில் வைத்துவிட்டது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. இறங்கி உள்ளே ஓடினாள்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், முற்றத்தில் பேச்சுக் குரல். மேலாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டு எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற ஒரு சபைக்காரங்க. அடுத்த வியாழக்கிழமை வர்றாங்களாம். நம்ம கூடத்துக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரணும்னு ரொம்ப ஆசைப்படுறாங்க. என்ன சொல்லட்டும்?"

"மறுபடியுமா?" என்றார் ஒருவர். "ரெண்டு மாசம் முந்தி நீலம், போன மாசம் பச்சை, இன்னைக்கு மஞ்சள். ஒவ்வொரு தடவையும் வாடை போற வரைக்கும் ஒரு வாரம் இந்த முற்றத்துல பனியில படுத்துக் கிடக்கிறோம்."

"அக்காவுக்கு ஒரு இருமல் நிக்கிறதுக்குள்ள அடுத்த டப்பாவைத் திறந்துடுறாங்க" என்றார் இன்னொருவர்.

டீச்சர் ஜன்னலோரமாக ஒதுங்கி நின்று கேட்டாள்.

"அப்ப வேணாம்னே சொல்லிடறேன்." மேலாளர் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

இருமல்கார அம்மாள் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள். மூச்சு நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"வரச் சொல்லுங்கய்யா. அவ்வளவு தூரத்துலேருந்து ஆசையா வர்றவங்க. வேணாம்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க. நம்மளால அடுத்தவங்களுக்கு வேற என்னதான் உதவி செய்ய முடியுது?"