நின்று நறுக்க ஒரு கத்தி

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.

அவளுடைய முழங்கால் ஆபரேஷனுக்கு நாச்சிமுத்து கொடுத்தது. கல்யாணச் சமையல் காண்டிராக்டர்; அவரிடம்தான் அவளுக்குக் காய் நறுக்கும் வேலை. கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் கொடுத்தார்.

முழங்கால் நேரானது. ஆனால் இனித் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அரிவாள்மனை தரையில்தான் இருக்கிறது.

அதனால் அவளும் நாச்சிமுத்துவும் பாத்திரக் கடைக்கு வந்திருந்தார்கள். நின்று நறுக்க ஒரு கத்தி. அது கைக்குப் பழகி வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வேறு ஆள்.

கண்ணாடிக்கு அடியில் கத்திகள் தூங்குவது போலக் கிடந்தன.

முதலில் எடுத்தது கனம். மணிக்கட்டை இழுத்தது. அடுத்தது ஒல்லி. பூசணிக்காய்க்குள் போனால் திரும்பி வராது.

மூன்றாவதை எடுத்தாள்.

அகலமாக இருந்தது. மூக்கு மழுங்கி, கூர் நேராக ஓடியது. நறுக்கியதை அதிலேயே அள்ளிச் சட்டியில் போடலாம். எடை இருப்பதே தெரியவில்லை.

"ஜப்பான் மாடலுங்க்கா. காய், கறி, மீன், எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுமுங்க."

கடைப் பெண் பலகை வைத்தாள். மேலே ஒரு உருளைக்கிழங்கு.

அவள் கைப்பிடியைப் பலகையில் ஊன்றினாள். கத்தி நிமிர்ந்து நின்றது, கூர் அவளைப் பார்த்தபடி. மற்ற கையால் கிழங்கை எடுத்து அதில் தள்ளினாள்.

கடைப் பெண் சிரித்துவிட்டாள்.

"கத்திதானுங்க்கா போகோணும். கெழங்கு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இத்தனை வருசமும் அரிவாள்மனையில் கத்தி நின்றது. காய்தான் வந்தது. வெங்காயம் வந்தது, வாழைக்காய் வந்தது, பூசணி உருண்டு வந்தது. எல்லாம் அவள் மடியருகே வந்து, கூரில் நுழைந்து, இரண்டாகி, அந்தப் பக்கம் மிதந்து போயிற்று. அவள் கரையில் இருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

இப்போது காய் நிற்கிறது.

அவள்தான் போக வேண்டும்.

கத்தியைத் திருப்பிப் பிடித்தாள்.

கடைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கை இறங்கியது. ஏறியது. இறங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நடப்பது மாதிரி இருந்தது. முதலில் தண்ணீர் தடுத்தது. பிறகு வழி விட்டது. முழங்கால் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாச்சிமுத்துவின் குரல். கோபமில்லாத குரல்.

"விடுங்க்கா. அந்தப் பணத்த நீங்க தர வேண்டாமுங்க. கணக்கு முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க. ஊட்ல இருந்து ஒடம்பப் பாருங்க."

கை நின்றது.

கடன் போயிற்று. இனி வியாழக்கிழமைகளில் வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி அவள் வாசலில் நின்று ஹாரன் அடிக்காது.

பலகையில் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. முதல் இரண்டும் தடித்திருந்தன. மற்றவை மெலிந்துகொண்டே வந்தன.

"சரிங்க தம்பி, பழசு முடிஞ்சுது," என்றாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இதப் புதுக் கணக்குல எழுதிக்குங்க."

நாச்சிமுத்து பக்கத்தில் வந்தார். கடைசி வில்லையை இரண்டு விரலால் எடுத்தார்.

டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் அதன் ஊடே தெரிந்தது.