மீன்கொத்தியின் கண்

பையைத் திறந்ததும் பறவை அவளைப் பார்த்தது.

பார்க்கக் கூடாது. அதற்கு அவள் இன்னும் கண் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. துவைத்த துணி கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கறி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தலைக்குக் குளித்து, ஈரத்தைக்கூட உதறாமல், இதற்கென்றே உட்கார்ந்திருந்தாள்.

துணியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கறுப்பு நூல். பளபளப்பு. சட்டைப் பொத்தானைப் பதித்த மாதிரி உருண்டையாக, மேடாக.

மற்றதெல்லாம் அவள் கையால் ஊசி கோத்துப் போட்டது. கட்டம் போட்ட துணி. கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. முதல் கோடு இடப்பக்கம் சாயும். மேல் கோடு வலப்பக்கம் சாயும். எல்லாம் ஒரே மாதிரி சாய வேண்டும். ஒரு தடவை ஒரு வரிசை மாறிப்போனது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. ஒரு வாரத்து வேலையைப் பிரித்துப்போட்டுவிட்டு மறுபடி போட்டாள்.

மூன்று வருடம். கம்பெனி வேனில் ஒன்பது குறி. டீ நேரத்தில் ஆறு. கரண்டு போனால் இருபது.

கண் மட்டும் பாக்கி. பதினோரு கட்டம். பத்து கறுப்பு, ஒன்று வெள்ளை. அந்த வெள்ளைதான் கடைசி என்று முதல் நாளே முடிவு செய்திருந்தாள். போன ஞாயிறே போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு வாரம் அதை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாள்.

"எப்புடி?"

வாசற்படியில் புருஷன். கையில் டீ டம்ளர். வாயெல்லாம் பல்.

"மூணு வருசமா நோண்டிக்கிட்டே கெடந்தியே புள்ள. நேத்துக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனன். நம்ம மிசினு நாலே நிமிசம். சூப்பர்வைசரே அசந்துட்டாரு."

அவன் எம்பிராய்டரி செக்சன். பனியனில் பூவும் பொம்மையும் அடிக்கிற மிசினுக்கு ஆபரேட்டர்.

அவள் துணியைத் திருப்பினாள். பின்பக்கம் அவளுடைய நூல்கள் வரிசையாக நின்றன. கண்ணுக்குப் பின்னால் மட்டும் மிசினின் அடிநூல் வெள்ளையாகக் கொத்துக் கட்டியிருந்தது. மிசினில் துணிக்கு அடியில் வைக்கிற பேப்பரைக்கூட முழுதாகக் கிழித்தெடுக்கவில்லை.

அவள் கம்பெனியில் பதினோரு வருடமாகச் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறாள். கை மட்டும். உடம்பை வேறொருத்தி மூட்டுவாள். கழுத்தை இன்னொருத்தி. பொத்தான், இஸ்திரி, அட்டைப்பெட்டி எல்லாம் வேறு வேறு ஆள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கையைத் தாண்டிப் போகிறது. ஒன்றைக்கூட அவள் முடித்தது கிடையாது.

இது ஒன்றைத்தான் முடிக்க இருந்தாள்.

பக்கத்து வீட்டு மயிலாத்தா குடத்தோடு எட்டிப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரன் அந்த ஊசியில நூலு கோத்துக் குடுப்பானா? நீ குடுத்து வெச்சவ அம்மிணி."

அவன் இன்னும் கொஞ்சம் சிரித்தான்.

அவளுக்குக் காது சூடானது. அவன் அடித்திருந்தால்கூட ஊர் அவள் பக்கம் நின்றிருக்கும். இதற்கு யாரிடம் போய் என்னவென்று சொல்வது.

"ஆரு கேட்டா உன்னைய?"

அவனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மயிலாத்தா குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"கோவப்படறதுக்கு என்ன புள்ள இருக்குது? கண்ணு நல்லாத்தான இருக்குது?"

அவள் டிரிம்மரை எடுத்தாள். கம்பெனியில் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி. துணியின் பின்பக்கம் நுனியை விட்டு ஒவ்வொரு நூலாக அறுத்தாள்.

மிசின் தையல் நெருக்கமாக இருந்தது. ஒரே இடத்தில் நூறு குத்து.

"கிழிஞ்சிரும் புள்ள."

கிழிந்தது.

முதலில் ஒரு கட்டம். அப்புறம் பக்கத்துக் கட்டம். நூலெல்லாம் வந்தபோது கண் இருந்த இடத்தில் சுண்டுவிரல் போகிற ஓட்டை.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பக்கத்தில் வந்து குந்தினான். அவனுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"குடு. நாளைக்குக் கம்பெனில பின்னால ஒட்டுக் குடுத்து மறுபடி அடிச்சுட்டு வந்தர்றன். தெரியவே தெரியாது."

குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். வரும்போது அரிவாளையும் ஆணிப் பொட்டலத்தையும் எடுத்து வந்தாள்.

அவன் சற்றுப் பின்னால் நகர்ந்தான்.

அவள் சுவரில் துணியை வைத்து, அரிவாளின் முதுகால் இரண்டு ஆணி அடித்தாள். மேலே இரண்டு மூலைக்கும் ஒவ்வொன்று. அவன் வழக்கமாகச் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

நீல இறக்கை. செம்மண் நிற நெஞ்சு. நீண்ட அலகு. எல்லாம் அவள் எண்ணிப் போட்டது. கண் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைச் சுவர் தெரிந்தது.

தட்டை வைத்தாள். சோறு போட்டாள். கறியும் குறையில்லாமல் போட்டாள்.

அவன் ஒரு வாய் தின்றான். நிமிர்ந்தான். இன்னொரு வாய். உப்பு, காரம் எதுவும் சொல்லவில்லை. மறுபடி நிமிர்ந்தான்.

மூன்றாவது வாய்க்கு முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு, பறவைக்கு முதுகைக் காட்டி, பீரோவைப் பார்த்து உட்கார்ந்தான்.

அவள் குழம்பு ஊற்றினாள்.

பீரோவுக்கு மேலேயும் சுவர்தான்.

பொட்டலத்தில் இன்னும் ஆணி இருந்தது.