எண்பது நாள் கணக்கு

"ஏனுங்க, இந்தச் சியா விதையில யாரோ கை வெக்கறாங்க."

வரலட்சுமி கண்ணாடி ஜாடியைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சுப்பண்ணன் பேப்பரை மடிக்காமல், அதற்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னையப் பாக்காத சாமி. அந்தத் தவளை முட்டைத் தண்ணி, நீ காலையில குடுக்கற ஒரு டம்ளரே எனக்குப் பொழுது முச்சூடும் தாங்குது."

"வெளையாடாதீங்க. ஒரு கிலோ வாங்கி இருபது நாள்தான் ஆச்சு. பாதி ஜாடி காலி."

சர்க்கரைக்கு நல்லது, தினம் ஒரு ஸ்பூன் ஊறவைத்துக் குடியுங்கள் என்று பெங்களூரிலிருந்து மகள் லோகப்பிரியா சொன்னதில் ஆரம்பித்தது. ஆர்.எஸ்.புரம் சூப்பர் மார்க்கெட்டில் கால் கிலோ விலையைப் பார்த்ததும் வரலட்சுமி வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். மறுநாளே ரங்கே கவுடர் வீதிக்கு ஆட்டோ பிடித்துப் போனாள். மொத்தக் கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி, பாதி விலைக்கு ஒரு கிலோ வாங்கி வந்தாள். ஒரு ஸ்பூன் பன்னிரண்டு கிராம், அப்படியானால் ஒரு கிலோ எண்பது நாளைக்கு வரும் என்று காலண்டரில் முடியும் தேதியை வட்டமிட்டும் வைத்தாள்.

"மாரியாத்தாதான். சமையல்கட்டுக்குள்ள வேற யாரு வாரா?"

"ஒம்போது வருசமா ஊட்டு வேலைக்கு வாரா. ஒரு கொத்துக் கருவேப்பிலைன்னாலும் கேட்டுப்போட்டுத்தான் எடுப்பா."

"கருவேப்பில வேற, சியா வேற."

சுப்பண்ணன் பேப்பருக்குள் திரும்பிப் போய்விட்டார்.

வரலட்சுமி மகள் விட்டுப்போயிருந்த நெயில் பாலிஷைத் தேடி எடுத்தாள். விதை நின்ற மட்டத்தில், ஜாடியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள். ஊதிக் காயவைத்துவிட்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டாள்.

"மாரி, இதென்ன தெரியுதா?"

"கோடுங்கம்மா."

"இந்தக் கோட்டுக்குக் கீழ ஒரு மணி எறங்குச்சுன்னா, நீ வேற ஊடு பாத்துக்கோ. சொல்லிப்போட்டேன்."

மாரியாத்தாளின் மகள் யுவஸ்ரீ நர்சிங் இரண்டாம் வருடம் படிப்பதே இந்த வீட்டுச் சம்பளத்தில்தான்.

"நான் அதைத் தொட்டதே இல்லைங்கம்மா."

"தொட்டயா தொடலையான்னு நான் கேக்கல. கோட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது."

மாரியாத்தாள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எறங்கக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

அந்த ஒரே மிரட்டலில் வீடு சீராகிவிட்டது. தினமும் காலையில் ஆளுக்கொரு ஸ்பூனாக இரண்டு டம்ளர் சியாத் தண்ணீர் கலக்கும்போது வரலட்சுமி ஜாடியைத் தூக்கிப் பார்ப்பாள். விதை கோட்டில் கச்சிதமாக நிற்கும். அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

மாரியாத்தாளிடம்தான் சின்ன மாற்றம் தெரிந்தது. முக்குப் பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள், இப்போது நேராக வந்துவிடுகிறாள். சேலை இடுப்பில் நிற்காமல் இழுத்து இழுத்துச் செருகினாள்.

"என்ன மாரி, எளச்சுப்போட்ட? நீயும் சியா குடிக்கறயா?" என்று கேட்டு வரலட்சுமி சிரித்தாள்.

"நமக்கெதுக்குங்கம்மா அதெல்லாம்" என்று மாரியாத்தாள் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி வந்து உட்கார்ந்தாள்.

"ஏ வரலட்சுமி, உன்ற ஊட்டுல ஒரு கிலோ சியா மாசக்கணக்கா வருதாமே? என்ற மருமக கால் கிலோ கால் கிலோவா வாங்கியே என்னைய ஆண்டியாக்கிப் போடுவாளாட்ட இருக்குது. என்ன வித்தை, சொல்லித் தொலை."

"இருங்கக்கா, குடிச்சுக்கிட்டே பேசலாம்."

வரலட்சுமி மூன்று ஸ்பூன் விதையைத் தண்ணீரில் போட்டு ஊற வைத்தாள். வாசற்படியருகே துடைத்துக்கொண்டிருந்த மாரியாத்தாளின் கை நின்றது.

"மூணு ஸ்பூனுங்களாம்மா?"

"ஆமா. அக்கா வந்திருக்கறாங்கல்ல?"

மாரியாத்தாள் மறுபடி துடைத்தாள்.

விதை ஊறும் வரை பாடம் நடந்தது. பாக்கெட்டில் வாங்கக் கூடாது, மொத்தக் கடையில் கிலோவாக வாங்க வேண்டும். ஈரக் கரண்டி படக் கூடாது. ஸ்பூனைக் குவிக்காமல் வழித்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வரலட்சுமி ஜாடியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா, நெசமான வித்தை இதுதானுங்கக்கா." குரலைத் தாழ்த்திக் கோட்டைக் காட்டினாள். "வேலக்காரங்க இருக்கற ஊட்டுல ஒரு கோடு போட்டுப்போடோணும். நாப்பத்தஞ்சு நாளாச்சு. பாருங்க, கோடு போட்ட எடத்துலயே நிக்குது."

"அட! கை நீளம் நின்னுபோச்சாக்கும்?"

"ஒரு கோட்டுல நின்னுபோச்சு."

சாந்தாமணி ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்தாள். வீட்டுக்குப் போனதும் தானும் ஒன்று போடுவதாகச் சொன்னாள்.

மாரியாத்தாள் தட்டில் டம்ளர்களைக் கொண்டு வந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாரி?"

"ஏனுங்கம்மா, தப்பா நெனைக்காட்டி ஒண்ணு கேக்கறனுங்க. அந்தக் கோட்டை மட்டும் ஒரு வெரல் கீழ எறக்கிப் போட்டுக் குடுங்கம்மா. நூறு கிராம் பாக்கெட்டு வெல ஏறிப்போச்சுங்க, வாரம் ரெண்டு வாங்கிக் கொட்டி ரொப்பறதுக்கு எனக்குக் கட்டுபடியாகலைங்க."