சூசை சவப்பெட்டி நிலையம்

மாசிலாமணி ரவிக்கைத் தையல் கடை போட்ட இடத்தில் முன்பு சூசை என்பவர் சவப்பெட்டி விற்றார். அவருடைய பெயர்ப்பலகை இன்னும் வாசலுக்கு மேலே தொங்குகிறது. கழற்றக் கூடாதாம். ஊரின் பழைய அழகைக் காக்கும் குழு அதைப் பாதுகாக்க வேண்டிய பொருள் என்று முத்திரை குத்திவிட்டது. ஏழாவது மனுவோடு போனபோது குழுத் தலைவி காபி கொடுத்து அன்பாகத்தான் பேசினார்.

"அந்த எழுத்தோட வளைவைப் பாருங்க. இப்பல்லாம் யாரு இப்படி எழுதுறா?"

"எழுத்து அழகுதாம்மா. அதுக்குக் கீழ நுழைஞ்சு எந்தக் கல்யாணப் பொண்ணு ரவிக்கை தைக்கக் குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?"

"நான் ரெடிமேடுதான் போடுறேன்" என்றார் தலைவி. வேண்டுமானால் பலகைக்குக் கீழே ஒன்பது அங்குலத்தில், அதே பழுப்பு நிறத்தில், மாசிலாமணி தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாசிலாமணிக்குப் பேரம் பேசத் தெம்பில்லை. நான்கு மாதத்தில் தைத்தது இரண்டே ரவிக்கை, இரண்டும் மனைவியுடையவை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மெஷினை விற்க வேண்டியதுதான்.

திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்கப்பா காலைல தவறிட்டாருண்ணே. அஞ்சே முக்கால் அடி இருப்பாரு. நாளைக்குள்ள குடுத்துருவீங்களா?"

விளக்கிச் சொல்ல மாசிலாமணி வாயைத் திறந்தார். பிறகு கடையைத் திறந்து, அளவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"தோள் அகலம் எவ்வளவு இருக்கும்?"