பாட்டுக்குள் ஒரு சைரன்

அம்மாவின் தலையில் கை வைத்து ஜெரால்ட் பொய்ச் சத்தியம் செய்தான். முகத்தில் ஒரு சின்னச் சலனம்கூட இல்லை.

"மாதா மேல ஆணையா எடுத்துடுறேம்மா. பாட்டுல அந்த சைரன் இருக்காது."

அமுதம் நம்பினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

சுனாமி ஒத்திகை அன்று கடற்கரையில் ஊதிய சைரனைத்தான் ஜெரால்ட் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். அவனுடைய மெட்டல் பேண்டின் முதல் சொந்தப் பாட்டு, கார் நிக்கோபாருக்கு வேலைக்குப் போன அப்பா சிலுவைராஜை அலை கொண்டுபோன கதை. நடுவில் கிட்டாரும் டிரம்ஸும் சட்டென்று நிற்கும், அந்த ஊளை மட்டும் தனியாக எழும்.

அந்தத் துண்டை மட்டும் முன்கூட்டியே ரீல்ஸில் விட்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் போனில் இப்போது அதுதான் ரிங்டோன். பஸ்ஸில் யாருக்கோ போன் வந்தபோது அமுதம் எழுந்து ஓடப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம்.

"அன்னைக்கு ஊதுறதுக்கு ஒரு சைரன் இருந்திருந்தா ஒங்கப்பா ஓடிப் பொழைச்சிருப்பாருல. இப்பதான் கவர்மென்ட்டுக்காரன் வச்சிருக்கான். அதப் போயி ஆட்டம் போடுற பாட்டா ஆக்கிட்டியே மக்கா!" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். அதற்குத்தான் இந்தச் சத்தியம்.

சத்தியம் செய்த கையோடு ஜெரால்ட் பக்கத்து ஊரான கராச்சர்மாவுக்குப் போனான். அங்கே பேண்டுக்கு மிக்ஸிங் செய்யும் நண்பன் சுதாகரின் வீட்டுப் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்தி வைத்து, ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது.

"சைரன் அப்படியே இருக்கட்டும்ல. கை வச்சிராத."

"அரே தோஸ்த், இப்பதானே அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தேன்னு சொன்ன?"

"பாட்டுக்கு உசுரே அதுதான். சனம் அதுக்குத்தான் வருது. ஹிட்டாயிட்டா அம்மாவே மறந்துடும். டென்ஷன் மத் லே, கவலப்படாத."

அமுதம் சுதாகருக்குக் கொடுத்தனுப்பிய மீன் குழம்பு டப்பா மேஜையில் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான்.

மறுநாள் சாயங்காலம் கடலை ஒட்டிய மைதானத்தில் வெளியீடு. மேடையில் பாடும் அதே நேரத்தில் யூடியூபிலும் பாட்டு ஏறும் என்று ஏற்பாடு. கிட்டாரும் டிரம்ஸும் மேடையில், மற்ற சத்தமெல்லாம் கீழே சுதாகரின் லேப்டாப்பில்.

அமுதம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடையேறப் போன மகனைப் பிடித்து நிறுத்தினாள்.

"எடுத்துட்டல்ல மக்கா?"

"பக்காம்மா. எடுத்தாச்சு."

அவள் அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்த விரல் பட்ட இடம் அவனுக்கு உறுத்தியது.

முதலில், கூட்டத்தைச் சூடேற்ற ஒரு பாட்டு. டிரம்மர் உதயசூரியன் டிரம்ஸை மிதித்தால் எந்த மேடையும் ஆடும், அன்றைக்கும் ஆடியது. பையன்கள் குதித்த குதியில் நாற்காலிகள் குலுங்கின. பாட்டு முடிந்து, உதயசூரியன் காலை எடுத்த பிறகும் மைக் ஸ்டாண்ட் ஆடிக்கொண்டிருந்தது. ஜெரால்ட் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லத் தொடங்கினான். வரவேற்பு, நன்றி, செல்ஃபி என்று கொஞ்ச நேரம் போயிற்று.

பிறகுதான் அந்தப் பாட்டு. அடிவயிற்றிலிருந்து உறுமினான் ஜெரால்ட். கிட்டார் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சைரன் கிளம்பிவிட்டது.

மைதானமே கத்தியது. எல்லாப் போன்களும் தலைக்கு மேலே எழுந்தன. பையன்கள் சைரனோடு சேர்ந்து ஊளையிட்டார்கள். இதற்காகத்தானே காத்திருந்தார்கள்!

அமுதம் மட்டும் அசையவில்லை. மகனையே பார்த்தாள். பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்குவது மேடையிலிருந்தே தெரிந்தது.

ஜெரால்ட்டுக்கு பாட்டும் வேண்டாம், பேரும் வேண்டாம் என்றிருந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, நிறுத்தச் சொல்லி சுதாகருக்குச் சைகை காட்டினான்.

சைரன் நிற்கவில்லை. சுதாகர் லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத நிறுத்துல! அம்மா அழுவுது பாரு. நான் சொன்னது தப்புதான், நிறுத்தித் தொலை!"

சுதாகர் அவன் கையை இறுகப் பிடித்தான்.

"எத நிறுத்த? நம்ம பாட்டுல சைரனே இல்லடா, நான் நேத்தே எடுத்துட்டேன்!"