கோபத்தை வென்றவர்

வேண்டுமென்றே இரண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் காபியைக் கலக்கினாள். கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்துவிட்டு, இடி எப்போது விழும் என்று எதிரிலேயே நின்றாள்.

அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்த காலத்தில் அவருக்குப் பட்டப்பெயரே பட்டாசு. சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தால் வீடு இரண்டுபடும். "ஏய்!" என்று அவளைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஓய்வு பெற்ற கையோடு மனிதர் தியான வகுப்பில் போய்ச் சேர்ந்தார். காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் என்று நமக்குள்ளேயே ஆறு எதிரிகள் குடியிருக்கிறார்களாம். ஆறையும் தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினார். "முதல்ல இந்தக் கோபத்தை ஒழிச்சுக் கட்டறேனா இல்லையா பாரு!" என்று கத்தினார். அன்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் நிஜமாகவே ஒழிந்துவிட்டது. சில மாதங்களாகக் குரல் உயர்வதே இல்லை. அவளையே "வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறார். மரியாதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க! எங்கண்ணன் இப்ப பெரிய ஞானி" என்று நாத்தனார் ஃபோனில் பூரித்துப்போனாள்.

கொடுத்து வைத்தவளுக்கு வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மரியாதையாக நகர்ந்து இடம் விடுகிறார். கண்ணாடியை ஒளித்து வைத்தாள், தேடவே இல்லை. சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து வைத்தாள், அப்படியே போட்டுக்கொண்டார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அவள் மட்டும் தனியாக இருந்தாள்.

உப்பும் பலிக்காமல் போகவே, கடைசி ஆயுதத்தை எடுத்தாள். மேசை மேல் அவருடைய ரேடியோ. ஒருமுறை தூசி துடைத்ததற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மனிதர் அவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைத் தள்ளிவிட்டாள்.

சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார்.

"நான்தான் உடைச்சேன். வேணும்னேதான் உடைச்சேன். திட்டுங்க!"

அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். "போனாப் போகுதுங்க. கால்ல குத்திடப் போகுது, தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான். அவள் தரையிலேயே சரிந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "எனக்கு ஞானி வேணாம். கத்தட்டும், பரவாயில்லை. எனக்கு என் புருஷன் வேணும்!"

அவர் பதறிப்போனார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"அழாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் நான் துணைக்கு இருக்கேன்."