பத்தாவது ஆள்

"இன்னும் ஒரே ஒருத்தர்தாண்ணே. ஒரே நாள்ல பத்துப் பேர்கிட்ட பேசினாத்தான் இந்தச் சரணாலயம் எங்க ஹாம் ரேடியோக்காரங்க கணக்குல சேரும்."

"பேசுறேங்கிறீங்க, வாயையே திறக்கலியேம்மா? டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கீங்க. ஆறு மணிக்கு நான் கேட்டைப் பூட்டணும்" என்றார் வனக்காவலர் கோட்டைச்சாமி.

அமலி மறுபடியும் மோர்ஸ் சாவியைத் தட்டினாள். கருவேல மரத்தில் வீசிக் கட்டியிருந்த ஆண்டெனாக் கம்பி வழியாக யாரோ பதில் தந்தார்கள். பதிலில் வந்தது அப்பாவின் அழைப்புக்குறி, ரேடியோவில் பெயருக்குப் பதிலாக அவர் தட்டும் எழுத்துகள்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு நான்கு வருடங்களாக, அவள் குரல் கேட்டாலே அவர் போனை வைத்துவிடுவார். அதனால்தான் குரலே தேவைப்படாத இதைக் கற்று, தேர்வெழுதி, உரிமம் வாங்கியிருந்தாள். அவளுடைய அழைப்புக்குறி யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

நன்றாகக் கேட்கிறது என்று அவர் தட்டினார். வழக்கமாக அத்தோடு முடித்துக்கொள்வார்கள். அவர் முடிக்கவில்லை. எவ்வளவு அழகாகத் தட்டும் கை, உங்களைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றார்.

"யாரும்மா, தெரிஞ்சவரா?" என்றார் கோட்டைச்சாமி.

அவள் விரல் சாவியின் மேலேயே நின்றது. மறுமுனை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது:

தயவுசெய்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.